பிரேரிப் புல்வெளியிற் சிற்றூர் வாழ்வு

நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றிலே தோன்றும் உணவு, தொழில், மரம், விலங்கு முதலியன கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் நெஞ்சில் நிலைபெறும் ஒழுக்கம் உரிப்பொருள். ஓர் ஊரை அறிய விரும்புவோன் முதலில் நிலத்தையும், அடுத்து அந்நிலத்துப் பொருள்களையும், இறுதியில் மக்களின் உள்ளத்தையும் நோக்கல் வேண்டும் என்னும் முறையைத் தொல்காப்பியனார் நமக்கு வகுத்துத் தந்துள்ளார். தமிழ்ச் செய்யுளுக்கென வகுத்த அம்முறை பிறநாட்டு வாழ்வை விளங்கிக்கொள்ளவும் நன்கு துணை புரியும். அதனையே வழியாகக் கொண்டு, அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுமேற்குப் பகுதியிலே, பிரேரி எனப்படும் புல்வெளியில் அமைந்த சிற்றூர்களின் வாழ்வை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

அமெரிக்கா என்றவுடன் நம் மாணவர் மனக்கண்ணில் எழுவன வானளாவிய மாளிகைகளும் பெருநகர் வீதிகளுமேயாம். ஆயிரம் பேரும் இல்லாத ஊர்கள் அந்நாட்டிலே ஆயிரக்கணக்கில் உள என்பதைப் பலர் அறியார். கல்லூரி விழா மலரொன்றில் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குத் தக்க காரணமும் உண்டு. அவ்வூர்களுக்கு நடுநாயகமாய் நிற்பது பாடசாலை. பாடசாலையை இழந்த ஊர் எவ்வாறு தேய்கின்றது என்பதையும், ஊரை விட்டகன்ற பழைய மாணவர் ஊருக்கு எவ்வாறு துணை நிற்கின்றனர் என்பதையும் அவ்வூர்களின் வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது.

நிலம்

பிரேரி என்பது பிரெஞ்சு மொழிச் சொல். புற்றரை என்பது அதன் பொருள். இலினோய், ஐயோவா, மினசோட்டா, நெபிராஸ்கா, கன்சாஸ், தென் டக்கோட்டா முதலிய மாநிலங்களிலே இந்நிலம் பரந்து கிடக்கின்றது. மரம் அரிது, மலை இல்லை. ஆற்றங்கரைகளில் மாத்திரம் மரங்கள் வரிசையாய் நிற்கும். கிழக்குப் பகுதியிலே ஆளுயரத்திற்கு மேல் வளரும் புல்லினங்கள் இருந்தன. அவற்றின் வேர்கள் பத்தடிக்கும் கீழே சென்று மண்ணைப் பிணித்திருந்தன. பல்லாயிரம் ஆண்டுகளாகப் புல் மடிந்து மக்கியமையாலே அம்மண் கரியதாயும் வளமிக்கதாயும் ஆயிற்று.

அவ்வளமே அப்புல்லுக்குக் கேடாய் முடிந்தது. வேர்ப்பின்னலும் ஒட்டும் மண்ணும் பழைய கலப்பைகளுக்கு இடங்கொடுக்கவில்லை. 1837 ஆம் ஆண்டிலே ஜோன் டியர் என்னும் கொல்லர் இலினோய் மாநிலத்திலே உருக்குக் கொழுவுடைய கலப்பையைச் செய்தார். அதன்பின் புல்வெளி விரைவாக உழுநிலமாய் மாறியது. இன்று உயர்புற் பிரேரியில் எஞ்சியிருப்பது நூற்றுக்கு நான்கு பங்கிற்கும் குறைவு என்பர். எங்கு நோக்கினும் சோளமும் சோயா அவரையும் கோதுமையும் மாட்டுப் பண்ணைகளுமே காணப்படும்.

இந்நிலம் ஆளற்றுக் கிடந்ததன்று. போணி, லக்கோட்டா, ஓமகா முதலிய பழங்குடியினர் நெடுங்காலமாக அங்கே வாழ்ந்தனர். நெபிராஸ்காவில் ஆற்றோரங்களிலே மண்வீடு கட்டிச் சோளம் பயிரிட்ட போணி மக்கள் 1870 களிலே தம் நாட்டை விட்டுத் தெற்கே இன்றைய ஒக்கிலகோமாவுக்குப் பெயர நேர்ந்தது. வெள்ளையர் நிறுவிய ஊர்கள் பலவற்றிற்குப் பழங்குடியினரின் பெயர்களே இன்று எஞ்சியுள்ளன. நாம் அடுத்துக் கூறவிருக்கும் ஊரும் லக்கோட்டா இனத் தலைவர் ஒருவரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஓர் ஊரின் வரலாற்றை எழுதுவோர், அவ்வூருக்கு முன்னே அங்கிருந்தோரை மறைத்து எழுதுதல் முறையன்று.

நிலம் பங்கிடப்பட்ட வகை

பிரேரிச் சிற்றூரின் இயல்பை விளங்கிக்கொள்ள விரும்புவோர் நிலம் அளக்கப்பட்ட முறையை அறிதல் வேண்டும். 1785 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலம் முழுவதும் ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமுமுள்ள சதுரங்களாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு சதுரமும் ஒரு சதுரமைல் கொண்ட 36 கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கூறு 640 ஏக்கர். இக்கூறுகளுள் 16 ஆம் கூறு பொதுப் பாடசாலையின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டது. நெபிராஸ்கா போன்ற பிற்கால மாநிலங்களில் 36 ஆம் கூறும் இதனோடு சேர்க்கப்பட்டது. குடியேறுவோர் வருமுன்னரே, வீடொன்று எழுமுன்னரே, பாடசாலைக்கு நிலம் ஒதுக்கிய இச்செயல் போற்றற்குரியது.

1862 ஆம் ஆண்டிலே குடியேற்றச் சட்டம் நிறைவேறியது. நிலத்திலே வீடமைத்து ஐந்தாண்டு வாழ்ந்து பயிர்செய்தோருக்கு 160 ஏக்கர் நிலம் சிறு கட்டணத்துடன் உரிமையாயிற்று. சுவீடன், நோர்வே, ஜேர்மனி, பொகீமியா முதலிய நாடுகளிலிருந்து மக்கள் திரண்டு வந்தனர். மரமில்லா நிலத்திலே வீடு கட்டுவது எங்ஙனம்? புற்றரையையே வேரோடு கட்டி கட்டியாக வெட்டி, செங்கல்போல் அடுக்கிச் சுவரெழுப்பினர். மழை பெய்தால் கூரை ஒழுகும். சுவரிற் பாம்பும் எலியும் குடிபுகும். எனினும் அவை குளிர்காலத்திலே வெதுவெதுப்பும் கோடையிலே தண்மையும் தந்தன.

ஐரோப்பாவிலே உழவர் ஊரிற் கூடி வாழ்ந்து வயலுக்குச் சென்று மீள்வர். பிரேரியிலோ ஒவ்வொரு குடும்பமும் தன் 160 ஏக்கரின்மேலேயே வாழவேண்டும் என்பது சட்டம். ஆகவே அயல் வீடு அரை மைலுக்கு அப்பாலாயிற்று. அண்டை அயலென்பது கூப்பிடு தூரம் என எண்ணிப் பழகியோருக்கு இத்தனிமை பெருந்துன்பம் விளைத்தது. அத்தனிமைக்கு மருந்தாய் எழுந்தனவே சிற்றூர்கள்.

ஊர் எழுந்த வகை

ஊர்களை எழுப்பியது பெரும்பாலும் புகையிரதப் பாதை. வண்டியிலே தானியமேற்றிச் சென்ற உழவன் அன்றே வீடு திரும்பத்தக்க இடைவெளியில், பாதை நெடுகத் தரிப்பிடங்கள் அமைந்தன. தரிப்பிடத்தின் அருகே தானியத்தை உயர ஏற்றிச் சேமிக்கும் களஞ்சியக் கோபுரம் எழுந்தது. அதனைச் சார்ந்து கடை, கொல்லன் பட்டறை, தபாற்கந்தோர், வங்கி, தேவாலயம், பாடசாலை என்பன தோன்றின. இன்றும் பிரேரியிற் பயணஞ் செய்வோர் கண்ணுக்குப் பன்மைல் தொலைவிலே முதலிற் புலப்படுவன களஞ்சியக் கோபுரமும் ஊர்ப்பெயர் எழுதப்பட்ட நீர்த்தாங்கியுமேயாம்.

எடுத்துக்காட்டாக, நெபிராஸ்காவின் தென்னெல்லையருகே, றிப்பப்ளிக்கன் ஆற்றின் கரையிலுள்ள றெட் கிளவுட் என்னும் ஊரைக் கூறலாம். செம்முகில் என்பது அப்பெயரின் பொருள். 1871 ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்ட இவ்வூருக்கு 1879 இற் புகையிரதம் வந்தது. 1885 இல் ஊரவர் நாடக அரங்கொன்றைக் கட்டினர். 1890 ஆம் ஆண்டளவில் 1,800 பேர் வரை அங்கு வாழ்ந்தனர். 2020 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 962 பேர். எனினும் அது மாவட்டத் தலைநகர்; நீதிமன்றம் அங்கேயே உள்ளது.

இத்தகைய ஊரின் அமைப்பு எளியது. நடுவிலே அகன்ற பெருந்தெரு. இருமருங்கும் செங்கல்லாற் கட்டிய ஈரடுக்குக் கடைகள். அவற்றுட் சில பூட்டப்பட்டுக் கிடக்கும். பெருந்தெருவிற்கு அப்பால் முன்திண்ணையுடைய மரவீடுகள். வீடுகளின் முன்னே வேலி இல்லை. ஒரு வீட்டுப் புற்றரை அடுத்த வீட்டுப் புற்றரையோடு தொடர்ந்து கிடக்கும். நான்கைந்து தெருக்களைக் கடந்தால் ஊர் முடிந்து வயல் தொடங்கிவிடும். தெருமுனையில் நின்று நோக்குவோன் வானத்தை அடிமுதல் முடிவரை காண்பான். மேற்கே எழும் மழைமுகில் தன் ஊரை அடையுமுன் பல நாழிகை அதனைப் பார்த்திருப்பான்.

பொழுது

பிரேரியின் பொழுதுகள் கடுமை மிக்கன. கோடையிலே வெப்பம் 38 பாகை சென்ரிகிறேட்டைக் கடத்தலும், மாரியிலே உறைநிலைக்குக் கீழே 20 பாகைக்கும் அப்பாற் செல்லுதலும் புதுமையல்ல. தடுப்பதற்கு மலையில்லாமையால் வடதுருவக் குளிர்காற்றும் தென்கடல் வெங்காற்றும் தடையின்றி வந்து மோதுகின்றன. அம்மோதலிலே பிறப்பன இடிமழையும் ஆலங்கட்டியும் சூறாவளிச் சுழலும். சுழல் வருங்கால் எச்சரிக்கைச் சங்கொலி எழும். மக்கள் வீட்டின் நிலவறைக்குள் இறங்குவர். அச்சங்கு பழுதின்றி இயங்குகின்றதா என்பதை ஊரவர் வழக்கமாக ஒலித்துப் பார்ப்பர்.

1888 ஆம் ஆண்டு சனவரி மாதம் 12 ஆம் நாளை அந்நிலத்தார் இன்னும் மறந்திலர். அன்று காலை இளவெயிலும் மிதமான காற்றும் இருந்தமையாற் சிறுவர் பலர் கனத்த மேலாடையின்றியே பாடசாலைக்குச் சென்றனர். பின்னர் நொடிப்பொழுதிலே பனிப்புயல் வந்து மூடியது. நீட்டிய கையும் கண்ணுக்குத் தெரியவில்லை. வயல் நடுவே தனித்து நின்ற ஓரறைப் பாடசாலைகளிலே ஆசிரியைகள், அவருட் பலர் இருபது வயதும் நிரம்பாதோர், பிள்ளைகளை உள்ளே வைத்திருப்பதா வீட்டுக்கு அனுப்புவதா என முடிவு செய்ய வேண்டியவராயினர். விறகு தீர்ந்த இடங்களில் இருத்தலும் இடர், வெளியேறலும் இடர். அப்புயலில் 235 பேர் மாண்டனர் எனக் கணிப்பர். அவருட் பலர் பாடசாலைச் சிறுவர். ஆசிரியத் தொழில் பூண்டோர் இச்செய்தியை நெஞ்சு கனியாது படித்தல் இயலாது.

1930 களில் மழை பொய்த்தது. புல்வேரின் பிணிப்பை இழந்த மண் காற்றோடு எழுந்து பறந்தது. 1935 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 இல் வீசிய புழுதிப்புயல் நண்பகலை இரவாக்கியமையாற் கருஞாயிறு எனப் பெயர் பெற்றது. அக்காலத்திலே பண்ணைகளுட் பெரும்பாலானவற்றிற்கு மின்னொளியும் இல்லை. அதன்பின் மண்காப்பு முறைகளும், கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாகக் கிராமங்களுக்கு மின்சாரமும் பரவின.

ஒருவர்க்கொருவர் உதவும் ஒழுக்கம்

மேற்கூறிய நிலத்திலும் பொழுதிலும் ஒரு குடும்பம் தனித்து வாழ்தல் அரிது. அயலாருக்கு உதவுதல் அங்கு நற்பண்பு மாத்திரமன்று. வாழ்க்கைக்கு இன்றியமையாத ஏற்பாடு. இன்று உதவுபவன் நாளை உதவி பெறவேண்டியவன் என்பதை அனைவரும் அறிவர். பனியிற் சிக்கிய வண்டியைக் கண்டால் அறிமுகமில்லாதவனும் நிறுத்தி உதவுவான். தெருவில் எதிர்ப்படும் வண்டியோட்டி, சுழற்சக்கரத்தினின்றும் ஒரு விரலை உயர்த்தி வணக்கங் கூறுவான். அறிந்தவர் அறியாதவர் என்னும் வேறுபாடு அதிலே இல்லை.

ஊரின் தீயணைப்புப் படை ஊதியம் பெறாத தொண்டர் படை. சங்கு ஒலித்தால் கடைக்காரர் கடையை விட்டும், உழவர் உழவு யந்திரத்தை விட்டும், ஆசிரியர் வகுப்பை விட்டும் ஓடி வருவர். படைக்கு வேண்டிய பணத்தை ஊரவர்க்கு அப்பமும் காலை உணவும் சமைத்து விற்றுத் திரட்டுவர். ஊர்ச்சபை, பாடசாலைச் சபை, நூல்நிலையச் சபை, சுடலைப் பராமரிப்புச் சபை எனச் சபைகள் பல, மக்களோ சிலர். எனவே ஒருவரே மூன்று நான்கு பொறுப்புகளை ஏற்கின்றார். பெருநகரிலே முகமறியா ஒருவனாய் இருந்திருக்கக் கூடியவன், இங்கே ஊருக்கு வேண்டியவனாகின்றான்.

இறப்பு நிகழ்ந்த வீட்டிற்கு அன்று மாலையே உணவு வந்து சேரும். சவ அடக்கத்தின்பின் தேவாலயத்து நிலவறை மண்டபத்திலே பெண்கள் கூடி அனைவருக்கும் விருந்தளிப்பர். உழவன் ஒருவன் அறுவடைக் காலத்திலே நோயுற்றாலோ மாண்டாலோ, அயற்பண்ணையார் தத்தம் அறுவடை யந்திரங்களுடன் வந்து, அவன் வயல் முழுவதையும் ஒரே நாளில் அறுத்துக் கொடுப்பதுமுண்டு. தத்தம் பயிர் வயலிற் காத்திருக்க, வானமும் ஐயத்திற்கிடமாய் இருக்கும்போது ஒரு நாளைக் கொடுப்பது எளிய கொடையன்று. உழுதொழில் அறிந்தோர் அதன் அருமையை உணர்வர்.

காலைதோறும் ஆடவர் சிலர் சிற்றுண்டிச் சாலையிலே ஒரே மேசையைச் சூழ்ந்திருந்து கோப்பி அருந்துவர். மழை, தானிய விலை, யந்திரப் பழுது, பாடசாலைப் பிள்ளைகளின் விளையாட்டு என்பன அவர் பேச்சு. பேச்சுக்கிடையே நெடிய மௌனமும் உண்டு. ஒருவர் இரு நாள் வாராதிருப்பின் மூன்றாம் நாள் அவர் வீட்டுக் கதவு தட்டப்படும்.

மறுபக்கம்

நிழலில்லா ஒளி இல்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரிலே ஒருவனது துன்பம் மறைவதில்லை. அவனது பிழையும் மறைவதில்லை. இருபது ஆண்டுகளின் முன் செய்த தவறு இன்றும் பேசப்படும். ஊரார் எண்ணத்திற்கு மாறாக எண்ணுவோனும், ஊரார் வழிபடாத கடவுளை வழிபடுவோனும் அங்கே தனிமைப்படுதல் கூடும். இருபது ஆண்டு வாழ்ந்தவனும் வந்தவன் என்றே சுட்டப்படுதலுண்டு.

இவ்விருபுறத்தையும் நன்கு காட்டிய எழுத்தாளர் இருவர். மினசோட்டாவின் சோக் சென்ரர் என்னும் ஊரிலே 1885 இற் பிறந்த சிங்கிளயர் லூயிஸ், 1920 இல் வெளியிட்ட ‘மெயின் ஸ்ரீற்’ என்னும் நாவலிலே சிற்றூரின் குறுகிய மனப்பான்மையை இடித்துரைத்தார். ஊரவர் சினந்தனர். 1930 இல் அவர் இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவரே. காலப்போக்கிலே சினம் ஆறிய ஊரவர், தம் பாடசாலை விளையாட்டு அணிக்கு அந்நாவலின் பெயரையே சூட்டிக்கொண்டனர். தம்மைக் குறை கூறியவனையும் தம்மவனாய் ஏற்கும் பெருமை அவ்வூருக்கு வாய்த்தது.

மற்றையவர் வில்லா கதர் என்னும் பெண்மணியார். 1883 இல், ஒன்பது வயதிலே, பெற்றோருடன் நெபிராஸ்காவுக்கு வந்து, பின் றெட் கிளவுட் ஊரிலே வளர்ந்தவர். 1890 இல் அவ்வூர் உயர்தரப் பாடசாலையிற் கற்றுத் தேறியவர் மூவர். அவருள் ஒருவர் இவர். உயர்கல்வியின்பின் பெருநகரங்களிலே வாழ்ந்து 1947 இல் நியூயோர்க்கில் மறைந்தார். ஆயினும் ‘மை அன்ரோனியா’ முதலாய நாவல்களிலே அவர் எழுதியது தாம் வளர்ந்த ஊரையும், அங்கே வந்து குடியேறிய எளிய மக்களையுமேயாம். ஊரின் சிறுமையை அவர் அறிந்திருந்தார். அன்பினால் அதனை மன்னித்தவரல்லர், ஒளித்தவருமல்லர். எனினும் ஊரை விட்டு நீங்கியபின்னரே ஊர் அவருக்குக் கைவந்தது.

வாழ்க்கை வசதிகளின் குறைவும் கூறத்தக்கது. பெரிய வைத்தியசாலைக்கு ஐம்பது மைலுக்கு மேற் செல்ல வேண்டிய ஊர்கள் உள. மகப்பேற்று விடுதி மூடப்பட்ட ஊர்களிலே கருவுற்ற பெண்கள் பனிக்காலத்தில் நெடுவழி செல்வர். கடைசி மளிகைக் கடை மூடப்பட்டால், ஓட்டுவதற்கு வண்டியில்லா முதியோர் பால்மாவுக்கும் பிறர் தயவை நாடுவர். சில ஊர்களிலே மக்கள் பங்குப்பணம் திரட்டிக் கடையைத் தாமே நடத்துகின்றனர்.

பாடசாலை

இனி ஊரின் நடுநாயகத்திற்கு வருவோம். பிரேரிச் சிற்றூரிலே பாடசாலை கல்வி பயிலுமிடம் மாத்திரமன்று. நாடகமும் இசைநிகழ்ச்சியும் கூட்டமும் விருந்தும் அங்கேயே நடைபெறும். மாரியிற் கூடைப்பந்தும், இலையுதிர்காலத்து வெள்ளிக்கிழமை இரவுகளிலே அமெரிக்க உதைபந்தாட்டமும் ஊரையே ஓரிடத்திற் கூட்டும். பிள்ளையில்லாதோரும் பேரப்பிள்ளைகள் தொலைவிலிருப்போரும் அங்கே வருவர்; ஏனெனில் ஆடுவோர் ஊர்ப்பிள்ளைகள்.

அமெரிக்க உதைபந்தாட்டத்திற்கு ஓரணிக்குப் பதினொருவர் வேண்டும். சிறிய பாடசாலைகளிலே அத்தனை இளைஞர் இல்லை. இக்குறையை நீக்க, நெபிராஸ்காவின் செஸ்ரர் என்னும் ஊரிலே ஆசிரியராயிருந்த ஸ்ரீவன் எப்லர் என்பார் 1934 இல், அறுவர் ஆடும் ஆட்டமொன்றை வகுத்தார். மைதானத்தின் நீளத்தையும் 100 யாரிலிருந்து 80 யாராகக் குறைத்தார். முதலாட்டம் அவ்வாண்டு செத்தெம்பர் 26 இல் கீபிறன் என்னும் ஊரில் நிகழ்ந்தது. அந்நாளிலும் ஓரணிக்கு ஈரூர் சேர்ந்தே ஆடின. இரு சாராரும் 19 புள்ளிகள் பெற்றுச் சமன் செய்தனர். ஆட்களின் குறைவு கண்டு ஆட்டத்தைக் கைவிடாது, ஆட்களுக்கேற்ப ஆட்டத்தை அமைத்த அவ்வாசிரியரின் அறிவு பாராட்டற்பாலது. இன்றும் சிறிய பாடசாலைகள் பலவற்றில் அவ்வாட்டம் ஆடப்படுகின்றது.

பாடசாலைக்கு நேர்ந்த இடரின் காரணம் வயலிலே உள்ளது. 160 ஏக்கரை ஒரு குடும்பம் உழுத காலத்திலே பிள்ளைகளும் நிறைந்திருந்தனர். யந்திரங்கள் பெருகப் பெருக ஒருவரே பல மடங்கு நிலத்தை உழ முடிந்தது. யந்திரத்தின் விலையைத் தாங்குதற்கு மேலும் நிலம் வேண்டியதாயிற்று. நெபிராஸ்காவில் 1935 இலே 130,000 க்கு மேற்பட்ட பண்ணைகள் இருந்தன; 2022 இல் ஏறக்குறைய 44,000 பண்ணைகளே இருந்தன. விளைநிலம் குறையவில்லை, விளைச்சலும் பெருகிற்று, குடும்பங்களே குறைந்தன. 1980 களிலே கடனும் விலைவீழ்ச்சியும் சேர்ந்து பண்ணையார் பலரை நிலத்தினின்றும் நீக்கின. நிலம் செழித்திருக்க ஊர் மெலியும் இவ்விந்தையே பிரேரிச் சிற்றூரின் துயரம்.

குடும்பம் குறையப் பாடசாலைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 1940 ஆம் ஆண்டளவில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் 117,000 பாடசாலை வட்டாரங்கள் இருந்தன. இக்காலத்தில் அவை ஏறக்குறைய 13,000. இணைப்பினால் விஞ்ஞான கூடமும் சிறந்த ஆசிரியரும் பல பாடங்களும் மாணவர்க்குக் கிடைத்தன என்பதை மறுத்தலாகாது. பத்துப் பேர் கொண்ட வகுப்பிலே கிடைக்காத கல்வியை நூறு பேர் கொண்ட வகுப்பிலே பெறலாம். ஆயின் பாடசாலையை இழந்த ஊரிலே இளங்குடும்பங்கள் குடியேறத் தயங்குகின்றன. ஆசிரியர் குடும்பங்கள் அகல்கின்றன. கடை வணிகம் குன்றுகின்றது. வெள்ளிக்கிழமை இரவுகள் இருள்கின்றன. ஆதலின் இணைப்புப் பற்றிய கூட்டங்களிலே உடன்பிறந்தோரும் பகைப்பதுண்டு. பிள்ளையின் கல்வியா, ஊரின் உயிரா என வினவப்படும்போது, இரண்டையும் விரும்புவோன் என் விடை கூறுவான்?

தேய்வின் எல்லையைக் காண விரும்புவோர் நெபிராஸ்காவின் மொனோவி என்னும் ஊரை நோக்கலாம். 2010 ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அவ்வூரின் மக்கட்டொகை ஒன்று.

பழைய மாணவர் விருந்து

மே மாத இறுதியிலே, போரில் மாண்டோரையும் பிற மூதாதையரையும் நினைவுகூரும் நாள் வருகின்றது. அதனையொட்டிச் சிற்றூர்கள் பலவற்றில் பழைய மாணவர் விருந்து நடைபெறும். தொலைநகரங்களிலே வாழ்வோர் காரோட்டிப் பல நூறு மைல் வருவர். பகலிலே சுடலைக்குச் சென்று பெற்றோரின் கல்லறையிற் பியோனி மலரிடுவர். மாலையிலே பாடசாலை மண்டபத்திற் கூடுவர். தேறிய ஆண்டுகளை வரிசையாக அழைப்பர். அழைக்கப்பட்ட ஆண்டினர் எழுந்து நிற்பர். ஐம்பதாண்டு நிறைந்தோர் சிறப்பிக்கப்படுவர். ஒரு காலத்திலே பன்னிருவர் எழுந்த ஆண்டிற்கு இன்று ஒருவரே எழுவதும் உண்டு. மண்டபம் முழுவதும் அவருக்குக் கைகொட்டும்.

பாடசாலை மூடப்பட்டபின்னும் இவ்விருந்தைக் கைவிடாத ஊர்கள் உள. கட்டடம் இடிந்திருக்கும், அணியின் நிறமும் பெயரும் வேறு பாடசாலையோடு கலந்திருக்கும். எனினும் பழைய மாணவர் தீயணைப்பு மண்டபத்திலோ தேவாலயத்திலோ கூடி ஆண்டுகளை அழைக்கின்றனர். அவர் திரட்டும் நிதி ஊர்ப்பிள்ளைகளின் உயர்கல்விக்குச் செல்கின்றது.

தேய்தலே விதியன்று

எல்லா ஊர்களும் தேய்ந்தொழியவில்லை. றெட் கிளவுட் ஊரவர், கைவிடப்பட்டுக் கிடந்த 1885 ஆம் ஆண்டு நாடக அரங்கைப் புதுப்பித்து 2003 இல் மீண்டும் திறந்தனர். ஊருக்குத் தெற்கே, ஒருகாலும் உழப்படாத 600 ஏக்கருக்கு மேற்பட்ட புல்வெளி வில்லா கதரின் பெயராற் காக்கப்படுகின்றது. எழுத்தாளர் ஒருவரைத் தந்த பாடசாலை, அவர் மறைந்து பல்லாண்டின் பின்னும் ஊருக்கு உணவூட்டுகின்றது எனலாம். அந்நூல்களைக் கற்றோர் தொலைநாடுகளிலிருந்தும் அங்கே வருகின்றனர்.

ஐயோவாவின் ஸ்ரோம் லேக் என்னும் ஊர் வேறு வழியால் வளர்ந்தது. இறைச்சி பதனிடும் தொழிற்சாலைகளிலே வேலை தேடி, தென்கிழக்காசிய அகதிகளும் இலத்தீன் அமெரிக்கரும் பிறரும் வந்து குடியேறினர். 1990 இல் 9,000 க்குக் குறைவாயிருந்த மக்கட்டொகை 2020 இல் 11,000 ஐக் கடந்தது. பாடசாலை வகுப்புகளிலே பல மொழி பேசும் பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். பழைய குடிகளுக்கும் புதிய குடிகளுக்குமிடையே மனவேறுபாடு இல்லாமலில்லை. ஆயினும் ஒரு நூற்றாண்டின்முன் மொழியறியாது வந்திறங்கிய சுவீடியரும் பொகீமியரும் பெற்ற வரவேற்பை நினைப்போர், வருவோரை வெறுத்தலால் ஊர் வாழாது என்பதை உணர்வர்.

உரிப்பொருள்

நிலத்தையும் பொழுதையும் கருப்பொருளையும் கண்டோம். இவ்வாழ்வின் உரிப்பொருள் யாது? எம் கருத்தின்படி அது முல்லைக்குரிய இருத்தலோடு நெருங்கியது. உழவன் மழைக்காக இருக்கின்றான். தாய் பனிச்சாலையில் வரும் மகனுக்காக இருக்கின்றாள். ஊர் தன் பிள்ளைகள் மீள்வதற்காக இருக்கின்றது. அவ்விருத்தல் வாளா இருத்தலன்று. சங்கைப் பழுது பார்த்தும், பாடசாலை விளக்கை ஏற்றியும், அயலான் வயலை அறுத்தும், சுடலைப் புல்லை வெட்டியும் ஆற்றியிருத்தல் அது. அகன்ற நிலத்திலே சிலராய் வாழ்வோர், தாம் ஒவ்வொருவரும் இன்றியமையாதவர் என்பதை உணர்ந்து வாழும் வாழ்வு அது. அதன் இன்பமும் சுமையும் அவ்வொன்றிலேயே அடங்கும்.

ஊரிலிருப்போர் விளக்கை ஏற்றுகின்றனர். அகன்றோர் அவ்வொளியை நினைந்து மீள்கின்றனர். இருசாராருள் ஒருவர் தவறினும் பாடசாலை நில்லாது. நம் கல்லூரியின் மாணவரும் இன்று பல நாடுகளிலே பரந்து வாழ்கின்றனர். அவருட் சிலர் இம்மலரைப் பனி பெய்யும் ஊர்களிலிருந்து படித்தலும் கூடும். ஆண்டுகளின் பெயர் அழைக்கப்படும்போது எழுந்து நிற்பதற்கு ஒரு மண்டபம் இருத்தல் எத்துணைப் பெரும்பேறு என்பதை அவர் அறிவர். அம்மண்டபத்தைக் காத்தல் இங்கிருப்போர்க்கும் அங்கிருப்போர்க்கும் பொதுக்கடனாகும்.